உப்பு ஏரி நகரில் இரண்டு கோயில்கள்

சகோதரிகளே! காலையில் எழுந்ததும் காப்பி இல்லாமல் உங்களால் எத்தனை நேரம் இருக்க முடியும்? அரை மணியா, ஒரு மணியா? அப்படியானால் என் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தின் தலைநகரம் சால்ட் லேக் சிட்டி. தமிழில் சொன்னால் 'உப்பு ஏரி நகரம்'. என் மகனுக்கு அங்கே உத்தியோகம். அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். போன நாலாவது நாளே, பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "எங்கள் வீட்டுக்குக் காலைச் சிற்றுண்டிக்கு வரவேண்டும்" என்று அன்போடு கூப்பிட்டாள். போனேன். மேஜை நிறையப் பலகாரங்கள். அவளே சுட்ட ரொட்டி, தேன், பழப் பாகு, பால், பழங்கள்! மூன்று குழந்தைகளும் கைகூப்பிக் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தன.

"குடிக்க என்ன தரட்டும்?" என்று கேட்டாள்.

"காப்பி" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு தர்மசங்கடம் தெரிந்தது. "டீ இருந்தாலும் போதும்" என்று இறங்கி வந்தேன். தர்மசங்கடம் இரட்டிப்பாயிற்று. அந்த வீட்டில் இரண்டும் கிடையாது. கடைசியில் எலுமிச்சம் பழச் சர்பத்தைக் குடித்துத் திருப்தி அடைந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

மேஜையின் மறு கோடியில் ஒரு வெள்ளைத் தலை அம்மாள் உட்கார்ந்திருந்தாள். என் நிலையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "கவலைப்படாதீர்கள். சாயங்காலம் என் வீட்டுக்கு வாருங்கள். நல்ல காப்பி தருகிறேன். நான் கத்தோலிக்கச்சி" என்றாள்.

அவள் அந்தப் பெண்ணைப் பெற்ற தாய். தாய் கத்தோலிக்கக் கிறிஸ்தவள். மகள் மார்மன். இரண்டு வீட்டுச் சுவரிலும் இயேசுநாதர் படம் தொங்குகிறது. இரண்டு பேரும் அவர் பெயரைச் சொல்லித்தான் பிரார்த்தனையை முடிக்கிறார்கள். அப்படியிருந்தும், 2009-ஆம் ஆண்டில் நடந்த மகளின் கல்யாணத்தை இந்தத் தாய் பார்க்கவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. புது உடுப்பு உடுத்திக்கொண்டு கோயில் வாசல் வரை போய், வெளியே தோட்டத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விடமாட்டார்கள்!

பெற்ற தாயை வெளியே உட்கார்த்தி வைத்துவிட்டு ஒரு கல்யாணமா? எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்புவதில்லை என்று தீர்மானித்தேன்.

வனாந்தரத்தில் ஒரு நகரம்

முதலில் மகள் என்னை அழைத்துக்கொண்டு போனாள். ஊரின் நடுநாயகமாக இருப்பது 'டெம்பிள் சதுக்கம்'. நம் ஊர்களில் கோயிலைச் சுற்றி நாலு வீதிகள் இருப்பதுபோல், இங்கே கோயிலிலிருந்துதான் ஊரே தொடங்குகிறது. வீதிகளின் எண்களைக்கூட அங்கிருந்துதான் எண்ணிக்கொண்டு போகிறார்கள். வீதிகள் ஒவ்வொன்றும் 132 அடி அகலம்! மாட்டு வண்டிகளே கதியாயிருந்த காலத்தில் இப்படித் திட்டம் போட்டிருக்கிறார்கள். கிழக்கே பார்த்தால் பனி மூடிய வாஸாட்ச் மலைத் தொடர், வடமேற்கே அந்தப் பெரிய உப்பு ஏரி.

இந்தக் கதைக்கு மூலபுருஷர் ஜோசப் ஸ்மித். 1805-ஆம் ஆண்டில் பிறந்தவர், ஏழைக் குடியானவரின் மகன். நியூயார்க் மாகாணத்தில் அவர் வளர்ந்த பகுதியில் அப்போது கிறிஸ்தவ சபைகளுக்குள் ஒரே போட்டி. 'எதில் சேருவது?' என்று தவித்த பதினாலு வயதுப் பையன், 1820-ஆம் ஆண்டில் ஒரு தோப்புக்குள் போய் மண்டியிட்டு வேண்டினானாம். அப்போது பிதாவும் குமாரனும் இரண்டு தனித்தனி உருவங்களாகக் காட்சி அளித்து, 'எதிலும் சேராதே' என்று சொன்னதாக அவர் பிற்பாடு எழுதினார். அதன்பின் மொரோனி என்ற தேவதூதன் தங்கத் தகடுகள் புதைந்திருந்த இடத்தைக் காட்ட, அவற்றை மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1830-இல் வெளியிட்ட புத்தகம்தான் 'மார்மன் புத்தகம்'. அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி சபையும் பிறந்தது.

'மார்மன்' என்பது ஊரார் வைத்த பெயர். சபையின் முழுப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. அந்தப் பெயராலேயே தங்களை அழைக்கவேண்டும் என்று 2018-இல் சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார். பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருப்பதைக் கவனியுங்கள். அங்கேதான் இருக்கிறது வழக்கு!

புதுச் சபையார் போன இடமெல்லாம் விரோதம். 1844-இல் இல்லினாய் மாகாணத்துச் சிறை ஒன்றில் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் ஜனங்கள் ஆயிரம் மைலுக்கு மேல் மேற்கு நோக்கி நடந்தார்கள். 1847-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி பிரிகாம் யங் இந்தப் பள்ளத்தாக்கில் காலடி வைத்தார். பின்னால் வந்தவர்களில் வண்டி மாடு வாங்கப் பணமில்லாதவர்கள், தட்டு முட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்து வந்தார்கள். 1856-இல் அப்படிப் புறப்பட்ட இரண்டு கோஷ்டிகள் பனியில் சிக்கி, இருநூறு பேருக்கு மேல் வழியிலேயே மாண்டார்கள். குழந்தையை வழியில் புதைத்துவிட்டு மறுபடி கைவண்டியைப் பிடித்த தாய்மார்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

வந்தவர்கள் 1853-இல் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1858-இல் அமெரிக்க ராணுவம் வருகிறது என்று கேள்விப்பட்டு, அஸ்திவாரத்தை மண் போட்டு மூடி, உழுத வயல்போல் ஆக்கிவிட்டார்களாம்! ராணுவம் போனபின் தோண்டி எடுத்து, சுமார் இருபது மைல் தொலைவிலிருந்து கருங்கல் கொண்டுவந்து, 1893-இல்தான் கட்டி முடித்தார்கள். நாற்பது வருஷத் திருப்பணி! ஆறு கோபுரங்கள், உச்சியில் எக்காளம் ஊதும் மொரோனியின் பொன் முலாம் பூசிய சிலை. எங்கே தேடினாலும் சிலுவை மட்டும் கிடையாது.

நான் போனபோது கோயிலைச் சுற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. பூகம்பம் வந்தாலும் தாங்கும்படி அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவதற்காக 2019-ஆம் ஆண்டுக் கடைசியில் மூடினார்கள். மூடி மூன்று மாதத்துக்குள், 2020 மார்ச்சில், நிஜமாகவே பூகம்பம் வந்துவிட்டது! மொரோனியின் கையிலிருந்த எக்காளம் கீழே விழுந்ததோடு ஆபத்து நீங்கியது.

ஒரே சொல், வேறு பொருள்

பக்கத்தில் 'டாபர்னகிள்' என்ற பிரார்த்தனை மண்டபம். ஆமை ஓட்டைக் கவிழ்த்தாற்போல் கூரை. உள்ளே கூரையைத் தாங்க ஒரு தூண் கிடையாது. மேடையில் குண்டூசியைப் போட்டால் கடைசி வரிசையில் காதில் விழுகிறது! அங்கே உட்கார்ந்து என் சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மகள் சளைக்காமல் பதில் சொன்னாள்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று நாங்களும் சொல்கிறோம். மற்றக் கிறிஸ்தவர்கள் மூவரும் ஒரே கடவுள், ஒரே சாரம் என்கிறார்கள். எங்களுக்கு மூவரும் தனித்தனியானவர்கள். நோக்கத்தில்தான் ஒன்று. பிதாவுக்கு நம்மைப்போல் சதையும் எலும்புமாக உடலும் உண்டு" என்றாள்.

இது சின்ன வித்தியாசம் அல்ல. கி.பி. 325-இல் நைசியா நகரில் ஆயர்கள் கூடி, குமாரனும் பிதாவும் ஒரே சாரம் என்று முடிவு செய்தார்கள். கத்தோலிக்கர், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையார், பிராடஸ்டண்டுகள், இவர்களுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒன்று. மார்மன்களோ, அப்போஸ்தலர்கள் காலத்துக்குப் பின் சபை வழிதவறிவிட்டது, அதை ஜோசப் ஸ்மித் மூலம் கடவுள் மறுபடி ஸ்தாபித்தார் என்கிறார்கள். ஆகவே பைபிளோடு வேதம் முடிந்துவிடவில்லை. மார்மன் புத்தகமும் வேறு இரண்டு நூல்களும் அவர்களுக்கு வேதமே. இன்றைக்கும் சபைத் தலைவர் தீர்க்கதரிசி. அவருக்குக் கீழே பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்!

அப்புறம், பெண்களாகிய நமக்குச் சுவையான இரண்டு விஷயங்கள். பரலோகத்தில் தந்தை இருந்தால் தாயும் இருக்கவேண்டும் அல்லவா? 'இருக்கிறாள்' என்பது மார்மன் கொள்கை. பூமியில் பிறப்பதற்கு முன்பே நாம் அவர்களுடைய ஆத்மக் குழந்தைகளாக வாழ்ந்தோமாம். ஆனால் அந்தத் தாயை நோக்கிப் பிரார்த்தனை செய்யும் வழக்கம் கிடையாது. இரண்டாவது, ஏவாள் சமாசாரம். பழத்தைத் தின்று மனித குலத்தையே கெடுத்தவள் என்று எத்தனையோ நூற்றாண்டுகளாக ஏவாளின் தலையில் பழி விழுந்திருக்கிறது. மார்மன்களோ அவளைக் கொண்டாடுகிறார்கள். அவள் அந்த அடியை எடுத்து வைத்திராவிட்டால் மக்கள் ஏது, மண்ணுலக வாழ்க்கை ஏது என்று கேட்கிறார்கள். ஆகையால் பிறவிப் பாவம் என்பதும் அவர்களுக்கு இல்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். மார்மன் குழந்தைக்கு எட்டு வயது ஆகவேண்டும்.

மனிதன் வளர்ந்து வளர்ந்து கடவுளைப் போலவே ஆகலாம் என்பதும் அவர்கள் நம்பிக்கை. மற்றக் கிறிஸ்தவர்களுக்கு இது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருக்கிறது. படைத்தவர் வேறு, படைக்கப்பட்டவை வேறு, நடுவில் உள்ள பள்ளத்தை யாரும் தாண்ட முடியாது என்பது அவர்கள் சித்தாந்தம்.

காப்பியை மறந்துவிட்டேனே! 1833-இல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஆரோக்கிய விதிப்படி மது, புகையிலை, காப்பி, டீ நான்கும் விலக்கு. கோயிலுக்குள் நுழையச் சீட்டு வேண்டுமானால் இந்த விதியைக் கைக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூடத் திராட்சை ரசத்துக்குப் பதில் அப்பமும் தண்ணீரும்தான்.

"உங்கள் தாயாரை ஏன் உள்ளே விடவில்லை?" என்று கடைசியில் கேட்டே விட்டேன்.

அவள் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். "ஞாயிறு ஆராதனைக்கு யாரும் வரலாம். இந்தக் கோயில் அப்படியல்ல. சீட்டு உள்ள சபையார்தான் போகலாம். இங்கே நடக்கும் கல்யாணம் சாகும்வரைக்கும் மட்டுமல்ல. சாவுக்கு அப்பாலும் கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாரையும் சேர்த்து முத்திரை போடுகிறார்கள். வெளியே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டால் கோயில் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அப்போது விதி. 2019-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் முன்னாலேயே எடுத்திருக்கக் கூடாதா?" என்றாள். குரல் கம்மிவிட்டது.

'ஏழேழு பிறவிக்கும் இவரே கணவர்' என்று வேண்டிக்கொள்ளும் நமக்கு இந்த ஆசை புரியாதா? ஆனால் அதற்கு இவள் கொடுத்த விலை, வாசலில் உட்கார்ந்திருந்த தாய்.

தேன்கூட்டு மாளிகை

மறுநாள் தாய் வந்தாள். டெம்பிள் சதுக்கத்திலிருந்து கிழக்கே 'சவுத் டெம்பிள்' வீதியில் நடந்தோம். சிறிது தூரத்தில் 'தேன்கூட்டு மாளிகை', பிரிகாம் யங் 1854-இல் கட்டி முடித்த வீடு. தேன்கூடு உழைப்பின் சின்னம். பக்கத்திலேயே சிங்க மாளிகை. ஏன் இரண்டு வீடு என்கிறீர்களா? அவருக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட மனைவிமார்! எல்லாரும் கூடி வாழ்ந்தவர்கள் அல்ல. பலர் பெயருக்கு மட்டும் மனைவியர். ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதானே?

பலதார மணத்தை 1852-இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்ட சபை, அரசாங்கத்தின் நெருக்கடி தாங்காமல் 1890-இல் கைவிட்டது. இன்று யாராவது அப்படிச் செய்தால் சபையை விட்டே நீக்குகிறார்கள். இதில் ஒரு விசித்திரம். அந்தக் காலத்திலேயே, 1870-இல், யூட்டாவின் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்துவிட்டது! 'பாவம், ஓட்டு வந்தால் பலதார மணத்தைத் தாங்களே ஒழித்துவிடுவார்கள்' என்று வெளியூரார் நினைத்தார்கள். அவர்கள் ஒழிக்கவில்லை. 1887-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஓட்டைப் பறித்தது. 1896-இல் யூட்டா மாகாணம் ஆனபோதுதான் திரும்பி வந்தது.

"இப்போதுகூட, மனைவி இறந்த ஒருவர் மறுமணம் செய்துகொண்டு இரண்டாவது மனைவியோடும் முத்திரை பெறலாம். அப்படியானால் மறுமையில் இரண்டு பேரா? இதை நினைத்துக் கலங்கும் மார்மன் பெண்களே இருக்கிறார்கள்" என்றாள் தாய். நான் பதில் சொல்லவில்லை. எந்தப் பெண்தான் பதில் சொல்லமுடியும்?

மக்தலேனா கோயில்

இன்னும் கொஞ்சம் நடந்தால் புனித மக்தலேனா மரியாளின் பெயரில் அமைந்த கத்தோலிக்கப் பேராலயம். 1900-இல் தொடங்கி 1909-இல் பிரதிஷ்டை ஆனது. வெளியே கரடுமுரடான கல். உள்ளே போனால் வர்ணக் கண்ணாடிகளும் ஓவியங்களுமாக ஒரே ஜகஜ்ஜோதி. இங்கே சிலுவை உண்டு, மெழுகுவத்தி உண்டு, தூப வாசனை உண்டு. வாசலில் சீட்டுக் கேட்பவர் இல்லை. புடவையும் குங்குமமுமாக நான் நேரே போய் உட்கார்ந்தேன்.

தாய் மெதுவான குரலில் சொன்னாள்: "எங்கள் மதத்தில் கல்யாண பந்தம் மரணம் வரைக்கும்தான். ஏழு சகோதரர்களை ஒருவர் பின் ஒருவராக மணந்து எல்லாரையும் இழந்த ஒரு பெண், மறுமையில் யாருடைய மனைவி என்று இயேசுவையே கேட்டார்கள். அங்கே கொள்வினை கொடுப்பினை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். என் மகள், அங்கே போய்க் கல்யாணம் செய்ய முடியாது என்பதால்தான் இங்கேயே செய்கிறோம் என்கிறாள். ஒரே பதிலை இரண்டு விதமாகப் படிக்கிறோம்!"

"அவர்கள் கிறிஸ்தவர்கள்தானா?" என்று கேட்டேன்.

"எங்கள் சபை பிராடஸ்டண்டுகளின் ஞானஸ்நானத்தை ஒப்புக்கொள்கிறது. மார்மன்களுடையது செல்லாது என்று 2001-இல் வத்திக்கான் தீர்ப்புச் சொன்னது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற அதே சொற்களைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் பொருள் வேறு. மெதடிஸ்டுகளும் 2000-த்தில் இதே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் மட்டும் சளைத்தவர்களா? கைக்குழந்தையாக இருந்தபோது இதே கோயிலில் என் மகளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அது செல்லாது என்று இருபது வயதில் மறுபடி தண்ணீரில் முழுக வைத்தார்கள்!"

தாயின் உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. நான் பேச்சை மாற்ற நினைத்தேன். அவளே மாற்றினாள்.

"ஆனால் ஒன்று சொல்லவேண்டும். 1879-இல் இந்த மாகாணத்தின் தெற்கே செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரில் எங்கள் பாதிரியாருக்குப் பூசை வைக்க இடமில்லை. மார்மன்கள் தங்கள் மண்டபத்தையே கொடுத்தார்கள். பாடகர்கள் இல்லை என்றதும், அவர்களுடைய பாடகர் குழுவே லத்தீன் பாட்டுக்களைக் கற்றுக்கொண்டு எங்கள் பூசையில் பாடியது! சித்தாந்தத்தில் அன்றைக்கும் இவ்வளவு தூரந்தான்."

எள்ளும் தண்ணீரும்

இந்த ஊரில் இன்னொரு அதிசயம், வம்சாவளி நூல் நிலையம். உலகமெங்கும் உள்ள பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடுகளின் நகல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மூல நகல்கள் நகருக்கு வெளியே கருங்கல் மலையைக் குடைந்த அறைகளில் பத்திரமாக இருக்கின்றன. எதற்கு என்கிறீர்களா? ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன முன்னோருக்காக, உயிரோடிருப்பவர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி முழுகுகிறார். அமாவாசையன்று நம் வீட்டில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பது ஞாபகம் வருகிறது அல்லவா? மற்றக் கிறிஸ்தவ சபைகளில் பெரும்பாலானவற்றில் இந்த வழக்கம் கிடையாது. எல்லாருக்கும் இது பிடிப்பதும் இல்லை. நாஜிக் கொடுமையில் மாண்ட யூதர்களின் பெயர்களுக்கும் இப்படிச் செய்ததை அவர்கள் குடும்பத்தார் ஆட்சேபிக்க, 1995-இல் சபை அதை நிறுத்த உடன்பட்டது.

அன்று சாயங்காலம் தாயின் வீட்டில் எனக்கு வாக்களித்த காப்பி வந்தது. மணமான காப்பி! ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "உங்கள் காலத்துக்குப் பிறகு உங்கள் மகள்...?"

"எனக்காக முழுகுவாள். எனக்குத் தெரியும்" என்றாள் தாய். "முதலில் கேட்டபோது கோபம் பொங்கியது. உயிரோடு இருக்கும்போது வாசலில் உட்கார்த்தி வைத்தவள், செத்த பிறகு உள்ளே கூப்பிடுகிறாளே என்று! அப்புறம் யோசித்தேன். இறந்தவர் இஷ்டமிருந்தால் ஏற்கலாம், இல்லாவிட்டால் மறுக்கலாம் என்பதுதான் அவர்கள் கொள்கை. 'அம்மா, நீ இல்லாத சொர்க்கம் எனக்கு வேண்டாம்' என்று அவளுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறாள். நான் என் கோயிலில் அவளுக்காகத் தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். அதுவும் அதே பேச்சுத்தானே?"

சகோதரிகளே! நான் சித்தாந்தம் படித்தவள் அல்ல. கடவுள் மூவரா, மூவரும் ஒருவரா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உலகத்தில் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட மார்மன்களும் அவர்களைவிடப் பல மடங்கு மற்றக் கிறிஸ்தவர்களும் அதற்குத் தனித்தனியே பதில் வைத்திருக்கிறார்கள். அந்த வித்தியாசம் ஏட்டில் தூங்குவதல்ல என்பதை மட்டும் கண்ணாரக் கண்டேன். காப்பிக் கோப்பையிலும், குழந்தையின் நெற்றியிலும், கல்யாணப் பந்தலிலும் அது வந்து நிற்கிறது.

ஊருக்குப் புறப்படும் அன்று விடைபெறப் போனேன். தாய் பீரோவைத் திறந்து ஒரு நீல உடுப்பைக் காட்டினாள். மகளின் கல்யாணத்தன்று போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த உடுப்பு.

புது மெருகோடு திறக்கும் கோயிலை, பிரதிஷ்டைக்கு முன் எல்லா மதத்தாரும் பார்க்க விடுவது மார்மன்களின் வழக்கம். இந்தக் கோயிலை அப்படித் திறந்தது 1893-இல், அதுவும் ஒரே ஒரு நாள். அடுத்தபடியாக 2027-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். பிறகு மறுபடி சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுந்தான்.

"எந்த அறையில் கல்யாணம் நடந்தது, எங்கே மண்டியிட்டாள் எல்லாவற்றையும் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பதினெட்டு வருஷம் தாமதம், அவ்வளவுதான்" என்றாள் தாய். "இந்த உடுப்பைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைக்கவேண்டும்!"

மகள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.